மீதி அடுத்த வகுப்பில்

அவைத்தலைவரின் மேசைமணிக்கு ஒரு மனக்குறை. அது அடித்தால் பேசுகிறவர்கள் நிறுத்துவதில்லை, குரலை உயர்த்துவார்கள்.

அன்று புது உறுப்பினர் பேராசிரியர் திலகவதி, கிணறுகள் ஏன் வற்றின என்று நாடாளுமன்றத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் மணி அடித்தது. கல்லூரி மணிக்குப் பழகிய வாய் சட்டென நின்றது.

"மீதியை அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சபையே சிரித்தது.

"உங்க பேராசிரியர் மானம் போச்சே" என்று திலகவதியின் மூக்குக்கண்ணாடியிடம் சொன்னது மணி.

"அவங்க வகுப்பை நீ பார்த்ததில்லை. நாளைக்குப் பாரு" என்றது மூக்குக்கண்ணாடி.

மறுநாள், எப்போதும் காலியாகக் கிடக்கும் பின்வரிசைகூட நிறைந்திருந்தது. சிரித்தவர்கள்தான் முதலில் வந்து இடம் பிடித்திருந்தார்கள். திலகவதி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நேரம் முடிந்தது. தலைவரின் கை மணியை நோக்கி நீண்டது.

"அடிக்காதீங்க ஐயா. தண்ணி எப்படித் திரும்பி வரும்னு அவங்க இன்னும் சொல்லலை." குரல் எதிர்வரிசையிலிருந்து வந்தது.

கை பின்வாங்கியது.

"அடிக்க விடலையேன்னு வருத்தமா?" என்று கேட்டது மூக்குக்கண்ணாடி.

"வருத்தமா? நான் அடிச்சிடுவேனோன்னு இந்தச் சபை பயந்தது இன்னைக்குத்தான்" என்றது மணி.