பதினொரு மைல்

நானும் அக்காவும் ராலி கார்ப் பந்தயத்துக்காகப் பிரித்துப் போட்டிருந்த அந்தப் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரில் மீட்டர் மைலில்தான் ஓடும். ஓடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. கார் சக்கரமில்லாமல் மரக்கட்டைகள்மேல் நின்றது, எஞ்சின் மேசையில் கிடந்தது. இருந்தும் தினமும் காலையில் பதினொரு மைல் கூடியிருந்தது.

"விளையாடாதேடி," என்றாள் அக்கா. ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். மறுநாளும் பதினொன்று.

சக்கரம் மாட்டிய அன்றோடு மீட்டர் கூடுவது நின்றுபோனது.

ராலியில் பாதையை முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். கிளம்பும்போதுதான் வழிப்படத்தைக் கையில் திணித்தார்கள். மலைப்பாதை, பதினொரு மைல். அடுத்த வளைவைப் படித்துச் சொல்ல நான் வாயைத் திறக்குமுன் கார் திரும்பியிருந்தது. அக்கா ஸ்டியரிங்கைச் சும்மா தொட்டுக்கொண்டு சிரித்தாள்.

"நீ பேசாம வா. இதுக்கு எல்லாம் மனப்பாடம்."

இரண்டாவதாக வந்தவர் நான்கு நிமிடம் பின்னால்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பையைக்கூடத் துடைக்காமல் அக்கா நான்கு சக்கரங்களையும் கழற்றி, காரை மறுபடி கட்டைமேல் ஏற்றினாள்.

காலையில் மீட்டரில் இருபத்துமூன்று கூடியிருந்தது.

"அடுத்தது கொஞ்சம் நீளம்டி," என்று சொல்லிவிட்டு, அடுத்த ராலிக்குப் பெயர் கொடுக்கப் போனாள்.