ஒன்பது வாட்

கோமளாவின் நெஞ்சுக்குள், தளர்ந்த இதயத்துக்கு ஒத்தாசையாக ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்காணிக்கும் பெட்டி அவள் இடுப்பில் தொங்கியது. நாத்தனாரின் வளைகாப்பில் அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்த நேரம் பார்த்து, பெட்டிக்குப் பகீரென்றது. அது பம்பிடம் கேட்டது:

"அண்ணே, எப்பவும் அஞ்சு வாட்டுல ஓடுவீங்க. இப்ப ஒன்பது இழுக்குறீங்களே!"

"கூடுதலா உழைக்கிறேன். அது குத்தமா?"

"இது உழைப்பா? உங்களுக்குள்ள ரத்தக்கட்டி சிக்கியிருக்கு."

"சின்னதுதான், சமாளிச்சுக்கிறேன். நீ வாயைத் திறந்தா என்னைக் கழற்றி எறிஞ்சிருவாங்க. சபையில மானத்தை வாங்காதே, தங்கச்சி."

"உங்க மானம் இருக்கட்டும். அவ உசிருக்கு யார் பொறுப்பு?"

பெட்டி வீறிட்டது.

"நல்ல காரியம் நடக்குதில்ல, அந்தச் சனியனை அமுத்தும்மா!" என்று யாரோ அதட்டினார்கள். கோமளாவின் விரல் பொத்தான்வரை போய்விட்டது. பெட்டி விடாமல் கத்தியது. அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டியைக் கூப்பிடுங்க."

ஆம்புலன்ஸில் பம்ப் பொருமியது: "நீ மட்டும் கத்தாம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அதனாலதான் அண்ணே கத்தினேன்" என்றது பெட்டி.