ஐந்தாவது பாட்டு

"விசயம் தெரியுமா அக்கா? அந்த யசோதினிக்கு ரெண்டு காதும் கேளாதாம்."

லொறிக்கார ரதீஸ் இப்படிச் சொன்னதும் கேதீஸ்வரிக்கு வந்ததே ஒரு கோபம். கையிலிருந்த காப்புப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"நம்மட குரூப்பில பாட்டு அல்பம் அல்பமா எழுதுறாளே, அவளா?"

"ஓம். பழுகாமத்து அரிசி ஆலையில வேலை. நேத்து நெல்லு ஏத்திப் போனன். பின்னால நிண்டு ஹோர்ன் அடிக்கிறன், திரும்பியும் பாக்கல்ல. ஆலைக்காரர்தான் சொன்னார்."

கேதீஸ்வரிக்கு மட்டக்களப்பில் ஒரு பான்சி கடை. அதைவிடப் பெரிய பதவி ஒன்றும் உண்டு. 'வெள்ளி அல்பம்' வாட்ஸ்அப் குழுவுக்கு அவள்தான் அட்மின். வெள்ளிக்கிழமை வந்தால், அந்த வாரம் கேட்ட அல்பம் எது, ஏன் கேட்டோம் என்று எல்லாரும் எழுத வேண்டும். எழுதித் தள்ளுவார்கள்.

அதில் யசோதினி எழுதுவது தனி ரகம். 'இந்த அல்பத்தில் தவில் என் நெற்றியில் அடிக்கிறது. நாதஸ்வரம் பின்கழுத்தால் இறங்குகிறது. அதற்காகவே கேட்கிறேன்' என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அதற்குக் கிடைத்த பாராட்டு அட்மினுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

"எல்லாம் எங்கயோ பாத்து எழுதினது," என்றாள் கேதீஸ்வரி. "இண்டைக்கே போய் முகத்துக்கு நேர கேட்டுப்போட்டு, குரூப்பிலிருந்து தூக்கிறன்."

"விடுங்க அக்கா, பாவம்."

"பாவம் பாத்தா குரூப் நடத்த ஏலாது ரதீஸ்."

கடையைப் பூட்டினாள். ஸ்கூட்டி பாலம் கடந்து பழுகாமத்துக்குப் பறந்தது. வழிநெடுக நல்ல சூடான வசனங்களாகச் சேர்த்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் பின்னால், ஆற்றோரம், கவிழ்த்துப் போட்ட தோணியில் யசோதினி உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடி, ஒரு துடுப்பின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். சேர்த்து வைத்த வசனம் அத்தனையும் கேதீஸ்வரிக்கு மறந்து போயிற்று.

நிழல் பட்டதும் யசோதினி கண்ணைத் திறந்தாள்.

"அட, அட்மின் அக்கா. போட்டோவில கண்டிரிக்கிறன். இரிங்க. மெதுவாக் கதைங்க அக்கா, வாயைப் பாத்துத்தான் எனக்கு விளங்கும்."

"என்னகா செய்யிறாய்?"

"அல்பம் கேக்கிறன்."

துடுப்பின் அகன்ற பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"எங்கட அப்பா ஆத்தில துடுப்பை ஊண்டி, மேல் நுனியில காதை வச்சு மீன் பாடுறதைக் கேப்பார். தோணிக்காரர் எல்லாரும் செய்யிறதுதானே. எனக்குச் சின்னதில காது ரெண்டும் பழுதாப் போயிட்டு. மறுகா ஒருநாள் சும்மா கடிச்சுப் பாத்தன். மரம் பாடிச்சு." துடுப்பை ஆற்றுத் தண்ணீரில் அலசி நீட்டினாள். "காதைப் பொத்திக்கொண்டு நீங்களும் கேளுங்களன்."

காதுகளில் விரலை வைத்துக்கொண்டு வேண்டாவெறுப்பாகத்தான் கேதீஸ்வரி கடித்தாள். முதலில் பல் கூசியது.

பிறகு மண்டைக்குள் ஒரு வயலின் எழுந்தது.

காகமில்லை, காற்றில்லை, ஆறில்லை. வயலின் மட்டும்தான். நெற்றியில் ஏறியது, பின்கழுத்தால் இறங்கியது. அந்தப் பிள்ளை எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உடம்பெல்லாம் புல்லரித்து, மூச்சு விடவும் மறந்து இருந்தாள் கேதீஸ்வரி. இப்படியொன்றை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"என்ன அல்பம்கா இது?"

யசோதினி சிரித்தாள். "பகிடியா அக்கா? போன கிழமை நீங்க போட்டதுதானே."

கடைக் கணினியில் கிடந்த அல்பம். ஒரு பாட்டும் கேட்டுப் பாராமல் கேதீஸ்வரி முழுவதையும் குழுவில் ஏற்றிவிட்டிருந்தாள்.

"நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு," என்றாள் யசோதினி. சிரிப்பு வற்றியிருந்தது. "நான் குரூப்பிலிருந்து விலகப் போறன் அக்கா."

"ஏன்?"

"ஐஞ்சாவது பாட்டு எனக்குக் கேக்கல்ல. மற்றதெல்லாம் கேக்குது. அதுல ஒண்டுமே வருதில்ல. மெல்லிசா வாசிச்சிரிப்பாங்க, என்ட எலும்புக்கு எட்டல்ல போல. அந்தப் பாட்டு முடியக்குள்ள தலையணை நனைஞ்சிட்டு எண்டு எழுதியிருந்தீங்க. எல்லாரும் தங்களுக்கும் அழுகை வந்ததெண்டு போட்டிருந்தாங்க. அண்டையிலிருந்து எனக்கு நித்திரை இல்ல. காது போச்சு, இப்ப இதுவும் போகுதெண்டா நான் என்ன செய்ய?"

அவளே போனில் அந்தப் பாட்டைத் தட்டிவிட்டாள். கேதீஸ்வரி துடுப்பைக் கடித்தாள். ஒன்றுமில்லை. இன்னும் இறுக்கிக் கடித்தாள். ஒன்றுமில்லை. காதிலிருந்த விரலை எடுத்துவிட்டு ஸ்பீக்கரிலேயே காதை வைத்துப் பார்த்தாள். போனில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஏற்றும்போதே பழுதாகிப் போன பாட்டு.

"கேக்குதா அக்கா?" யசோதினி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி இரிக்குதெண்டு சொல்லுங்களன். கேட்டமாதிரி நினைச்சுக்கொள்ளுறன்."

சொல்வதற்கா கேதீஸ்வரிக்குப் பஞ்சம்? தலையணையை நனைத்தவளுக்கு இன்னும் நாலு வரி வராதா? ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் வாயசைப்பது லேசான காரியமாயில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுக்கவும் வழியில்லை.

துடுப்பை மடியில் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உன்னில ஒரு பிழையுமில்ல யசோ. அந்தப் பாட்டில சத்தமே இல்ல. குரூப்பில இரிக்கிற அத்தனை பேரிலயும் அந்த அல்பத்தைக் கேட்டது நீ ஒருத்திதான்."