கிழட்டுப் பெயர்

டீச்சரின் முகம் கோணிய வேகத்தில் கையிலிருந்த காப்பி தளும்பி மடியில் சிந்தியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு. இந்தப் பேரையா வைக்கப் போற?"

தம்பி இன்னொரு தடவை சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவில், குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே கிடந்த இரும்பு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். மழிக்காத தாடி, கசங்கிய சட்டை. முதல் பிள்ளை பெற்ற அப்பன் எல்லாம் இப்படித்தான் தூக்கம் கெட்டுக் கிடப்பான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சோற்றில் தலைமுடி அகப்பட்டதுபோல் நாக்கு புரண்டது.

"உவ்வே. பல்செட்டக் கழட்டி டம்ளர்ல போட்டு வைக்கிற ஆளு பேருடா இது. கேட்டாலே இருமல் மருந்து வாடை அடிக்குது."

குழந்தை கொஞ்சம் முன்கூட்டியே பிறந்துவிட்டது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், நாங்கள்கூட இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை என்று மட்டும்தான் அவன் போனில் சொல்லியிருந்தான். உடனே பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பஸ் மாறி பஸ் ஏறி ஓடி வந்திருந்தாள் அவள். கையில் ஒரு பை நிறையச் சட்டைகள்.

"எல்லாம் ஒரு வயசுக்கு ஆகுற அளவுதான் எடுத்திருக்கேன். பிள்ளைங்க மளமளன்னு வளர்ந்துடும்" என்று நீட்டியபோது, தம்பி வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டான். அதுவே அவளுக்குச் சுருக்கென்றிருந்தது. அதற்கு மேல் இந்தப் பெயர் வேறு.

அவள் பாலர் வகுப்பு டீச்சர். தினமும் காலையில் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை தேய்ந்தவள். எந்தப் பெயரை எந்த வாண்டு எப்படித் திரிக்கும் என்று அவளுக்கு அத்துப்படி.

"முதல் நாளே 'தாத்தா'ன்னு பட்டம் கட்டிடுவாங்கடா. பிள்ளை அழுதுகிட்டு வீட்டுக்கு வரும். யார் பேரு இது? நம்ம அப்பா பேரும் இல்ல, தாத்தா பேரும் இல்ல. உங்க வீட்டுப் பக்கமா?"

கடைசிக் கேள்வி, அடுத்த நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தம்பியின் மாமியாருக்கு. அந்த அம்மாள் இல்லையென்று தலையாட்டிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாவம், இவளுக்கும் பிடிக்கவில்லை, மாப்பிள்ளைக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று டீச்சர் கணக்குப் போட்டாள்.

துணைக்கு ஆள் சேர்க்கத் தன் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். பெயரைக் கேட்டதும் மகள், "ஐயே, அதெல்லாம் ஒரு பேராம்மா? வழுக்கைத் தலையோட பொறந்திருக்கானா?" என்றாள்.

"உன் மச்சானுக்குக் கைத்தடி ஒண்ணு வாங்கிட்டு வரவான்னு கேளு" என்று பின்னாலிருந்து மகளின் புருஷன் குரல். இருவரும் சிரித்த சிரிப்பு வராந்தா முழுக்கக் கேட்டது.

தம்பி கையை நீட்டிப் போனை அணைத்தான்.

"சொன்னா மட்டும் ரோஷம் வருதில்ல?" என்றாள் டீச்சர்.

பிரசவ வார்டிலிருந்து தம்பியின் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். டீச்சர் எழுந்து அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பெத்தவ நீ. நீயாவது சொல்லும்மா. அந்தப் பேரைக் கேட்டா உனக்குக் குமட்டல?"

"நான்தான் அண்ணி தேடிப் பிடிச்சேன்" என்றாள் அவள் மெதுவாக. "இருக்கிறதுலயே வயசான பேரா வேணும்னு தேடினேன்."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படியா சங்கதி. அடுத்த வீட்டுக்காரன் தூக்கிப் போட்ட ஓட்டை அண்டாவைத் தேய்த்துக் கூடத்தில் அலங்காரமாக வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவளா இவள்? போயும் போயும் பச்சைப் பிள்ளையிடமா இந்தக் கிறுக்கு?

வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பேர் முடிவு பண்ணிட்டீங்களா? ரெண்டு பேரும் உள்ள வாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்க. இப்ப மடியில வெச்சுக்கலாம்."

அவ்வளவு அருவருப்பிலும் டீச்சருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "பாத்தியா, கையில குடுக்குறாங்க. தேறிட்டான் என் மருமகன்."

தம்பி மனைவியைத் தாங்கி எழுப்பிக் கதவை நோக்கி நடந்தான். டீச்சர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"அந்தக் கருமத்தச் சொல்லி அவனக் கூப்பிடாதடா. உனக்குப் புண்ணியமாப் போகும், நான் நல்ல பேரா ஒண்ணு சொல்றேன். பால்மணம் மாறாத பிள்ளை தலையில எதுக்குடா இந்தக் கிழட்டுப் பேரு?"

மனைவியின் தோளை இறுக்கிப் பிடித்தபடி, அக்கா வந்ததிலிருந்து முதல்முறையாக அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னிக்குப் பொழுது தாண்டமாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா. பேர்லயாவது அவன் கிழவனாகட்டும்."