யாராவது ஓடுங்க!

“குழந்தை பொறந்தாச்சு, ஆனா தாய்க்கு ரத்தம் நிக்கல டாக்டர்!” நர்ஸ் அலறினாள்.

“யாராவது ஓடிப்போய் ரத்தம் வாங்கிட்டு வாங்க!” என்று டாக்டரம்மா கத்தினார்.

நர்ஸ் ஓடினாள். பயிற்சி நர்ஸும் ஓடினாள். இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஆயாவும் ஓடினாள்.

“எல்லாரும் போயிட்டா ஊசியை யாரு எடுத்துத் தர்றது?” என்று புலம்பியபடி டாக்டரம்மாவும் வெளியே ஓடினார். பிரசவ அறையில் தாய் மட்டும் தனியாகக் கிடந்தாள்.

மூவரும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். ஒருவர் கையிலும் ரத்தம் இல்லை.

“நீ வாங்கிட்டு வருவேன்னு நெனச்சேன்!” என்று நர்ஸ் பயிற்சி நர்ஸிடம் பாய்ந்தாள்.

“நான் ஆயா வாங்குவாங்கன்னு பாதியிலேயே திரும்பிட்டேன்.”

ஊசியோடு வந்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். “போச்சு. தாய் செத்தாச்சு.”

போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்த தாய், கலைந்த மீசையை நீவிவிட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி வாட்ச்மேன். மாதாமாதம் நடக்கும் பிரசவ ஒத்திகையில் தாயாகப் படுப்பவர் அவர்தான்.

“போன மாசமும் இப்படித்தாம்மா என்னைக் கொன்னீங்க!”

“ஒத்திகைதானே அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அடுத்த மாசம் சரியாப் பண்ணிடலாம். நீங்க போய் கேட்டைப் பாருங்க” என்றார் டாக்டரம்மா.

வாட்ச்மேன் இறங்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் படுத்தார்.

“நாளைக்கு என் பொண்ணைப் பிரசவத்துக்கு இங்கதாம்மா சேர்க்கிறேன். நான் பொழைக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். ஆரம்பிங்க!”