இரண்டாவது இலை

"படம் கொண்டு வந்தனீங்களோ, ராதா?"

கதவைத் திறந்ததும் யோகா கேட்ட முதல் கேள்வி அதுதான். ராதா கையிலிருந்த பழப்பையை நீட்டினாள்.

"மறந்துட்டேன்க்கா."

"என்னப்பா நீங்கள்! ரெண்டு பிள்ளையளுக்கும் ஒண்டாப் படைப்பம் எண்டுதானே வரச் சொன்னனான்."

டூங்கபியில் இருக்கும் யோகாவின் வீட்டில் அன்று செந்தூரனின் மூன்றாம் ஆண்டுத் திவசம். ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பலில் வேலை பார்த்த ஒரே மகன். எதிரி கையால் சாகவில்லை அவன். பட்டப்பகலில் நட்பு நாட்டு விமானம் ஒன்று வந்து, அந்தக் கப்பல் மீது குண்டு போட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு விசாரணை, விசாரணையின் மேல் விசாரணை. கப்பல் தடம் மாறிப் போனது என்றார்கள். கொடியே பறக்கவில்லை என்றார்கள். உயிர் தப்பிய மாலுமிகள் பறந்தது என்று அடித்துச் சொன்னார்கள். யார் காதில் விழுந்தது?

அந்த விசாரணை மண்டபத்தில்தான் இருவருக்கும் பழக்கம். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி அழுதால் ஏனென்று கேட்கவா வேண்டும்?

"உங்கட பிள்ளையும் அங்கயோ?" என்றாள் யோகா.

"ஆமாக்கா. அவனும் அன்னைக்கு அங்கதான் இருந்தான்."

ரகசியம் என்று சொல்லி, இறந்தவர்கள் பலரின் பெயர்களை அரசாங்கம் வெளியிடவில்லை. யோகாவும் மேற்கொண்டு துருவவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்னத்தைத் துருவுவது? அன்றிலிருந்து விசாரணை நாட்களில் கெல்லிவில்லில் இருந்து ராதா தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருவாள், யோகா இடியப்பம் கொண்டு வருவாள். இரண்டு பேரும் பாதி சாப்பிட்டு, மீதியை அப்படியே மூடி எடுத்துப் போவார்கள்.

முன் அறையில் செந்தூரனின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. இரண்டு தலைவாழை இலை. இரண்டிலும் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, உழுந்து வடை.

ராதா இரண்டாவது இலையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அக்கா, ஒரு இலை போதுமே..."

"ஏன், உங்கட பிள்ளை பட்டினி கிடக்கிறதோ?" யோகா கதிரையை இழுத்துப் போட்டாள். "இருங்கோ. மூண்டாவது அறிக்கையும் பாத்தனீங்கள்தானே? தவறுதலாம். கொடி கண்ணுக்குத் தெரியேல்லையாம். கட்டில் விரிப்பளவு கொடி, ராதா! நல்ல வெயில்!"

"மேகம் மறைச்சிருக்கலாம். தெரியாம நடந்திருக்கலாம் இல்லையாக்கா?"

யோகா வெடுக்கென்று திரும்பினாள். "நீங்களுமோ? பெத்த வயிறு எரியேல்லையோ உங்களுக்கு?"

ராதா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மடியில் விழுந்தது. அதைப் பார்த்ததும் யோகாவுக்கு மனசு கேட்கவில்லை. அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

"கோவிக்காதேங்கோ. எனக்கு நட்டஈடு வேண்டாம், ஆரையும் பிடிச்சு மறியலில அடைக்கவும் வேண்டாம். கொடி தெரிஞ்சுதோ, இல்லையோ? அதை மட்டும் ஒருத்தர் உண்மையாச் சொன்னால் காணும். நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்."

பாவம், மூன்று வருடமாக அந்த ஒரு கேள்வியோடுதான் அவள் படுக்கிறாள், எழுகிறாள்.

மேசையில் கிடந்த ராதாவின் போனில் ஏதோ செய்தி வந்து வெளிச்சம் அடித்தது. திரையில் பட்டமளிப்பு அங்கியோடு ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவரோ? ஐயோ, என்ன வடிவான பிள்ளை! இந்தா படம் இருக்குத்தானே!"

ராதா எழுவதற்குள் யோகா போனை எடுத்து, செந்தூரனின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் சாய்த்து வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டில் இருந்த இன்னொரு பூமாலையைத் தூக்கினாள்.

"வேண்டாம்க்கா!" ராதா பாய்ந்து போனைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "மாலை போடாதீங்க. அவன் உயிரோட இருக்கான்."

மாலை யோகாவின் கையிலேயே தொங்கியது.

"அப்ப... அண்டைக்கு அங்க இருந்தவர் எண்டு சொன்னனீங்கள்..."

"இருந்தான்க்கா. மேல, அந்த விமானத்துல. அந்த நாட்டுக்குப் படிக்கப் போனவன், அங்கேயே விமானப்படையில சேர்ந்துட்டான்." ராதா தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "கொடி நல்லாவே தெரிஞ்சுதாம். நம்ம ஆளுங்க கப்பல்னு சொல்லிப் பார்த்தானாம், போடுன்னு உத்தரவு வந்துச்சாம்... போட்டுட்டான்க்கா, என் பிள்ளை."