மண்டிக்காரர்

பையைத்தான் முதலில் பார்த்தான்.

அப்பாவை அப்புறம்தான்.

மூன்றாம் மாடி பால்கனியில் நின்றிருந்தான். மெட்ரோ நிலையத்திலிருந்து தெரு நேராக வருகிறது. இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள். அந்த நிழலில் அப்பா வந்துகொண்டிருந்தார். கையில் கட்டைப்பை. மேலே துண்டு போட்டு மூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டிலிருந்து அப்பா. கட்டைப்பை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தான்.

பழைய வீட்டில் இந்தப் பை வாசலில் தெரிந்தாலே மகள் பாப்பா குதிப்பாள். சங்கராவோ கடம்பாவோ, அன்றைக்கு வந்த மீனில் நல்லதாகப் பொறுக்கி ஐஸ் போட்டுக் கொண்டுவருவார். ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

அந்த வீட்டில்தான் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராப்பகலாக ஓடுகிற சாலை. ஜன்னலைத் துடைத்தால் துணி கரியாக வரும். மரம் இருக்கிற இடமாகப் பாருங்கள் என்றார் டாக்டர். ரயில் இருக்கிற இடமாகவும் பார் என்றாள் மனைவி மலர்க்கொடி. அவளுக்கு வேலை கிண்டியில். மரம் இருந்தால் ரயில் இல்லை. ரயில் இருந்தால் ஒரு செடி இல்லை. இரண்டும் இருந்தால் விலையைக் கேட்டு மயக்கம் வந்தது. லீவு நாளெல்லாம் நாயாய் அலைந்துதான் இந்தத் தெரு கிடைத்தது. இந்த மரத்தடியில் பாப்பா இழுப்பில்லாமல் ஓடினாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பேசி முடிக்க வந்த அன்று அப்பாவையும் கூட்டிவந்தான். அவர் ஒரு பார்வை பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்று ஆசை.

கீழ் வீட்டு ஞானாம்பிகை அம்மாள்தான் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். அவர் தலையாட்டாமல் இங்கே யாரும் வீடு விற்க மாட்டார்களாம். நல்ல மனுஷி. உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இங்க எல்லா வீடும் சைவம். நீங்களும்..."

"நாங்களும் சைவம்தாம்மா."

அவர் கேட்டுக்கூட முடிக்கவில்லை. அவ்வளவு அவசரம் அவனுக்கு.

அம்மாள் அப்பா பக்கம் திரும்பினார். "ஐயாவுக்கு என்ன தொழில்?"

அப்பா தேசிங்கு என்றால் காசிமேட்டில் தெரியாதவர் கிடையாது. மீன் ஏலம் விடுகிறவர். அவர் விலை கூவினால் கடைசிப் படகு வரைக்கும் கேட்கும்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். மகன் பக்கம் பார்க்கவே இல்லை.

"காய்கறி மண்டிம்மா. கோயம்பேட்ல இருக்கு."

இருக்கு என்றார். ஆயுசுக்கும் 'கீது' என்று பேசிய மனுஷன். குரலும் அவருடையதாக இல்லை.

அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். காபி நன்றாக இருக்கிறது என்றான்.

திரும்பும்போது ரயிலில் அப்பா ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். இறங்கப் போகும் சமயத்தில்தான் வாயைத் திறந்தார்.

"காத்து நல்லா கீதுப்பா. பாப்பாவுக்கு ஒத்துக்கும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

குடிவந்து இது முதல் ஞாயிறு. நேற்றெல்லாம் போனை எடுத்து எடுத்து வைத்தான். கொண்டுவராதே என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

பாப்பாவிடம் மட்டும் சொல்ல முடிந்தது. படிக்கட்டில் மீன் பேச்சு எடுக்கக் கூடாது. ஏன் என்று கேட்டாள். சும்மா என்றான்.

அப்பா கேட்டைத் திறந்தார்.

ஞானாம்பிகை அம்மாள் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் பை மேலே வர வேண்டும்.

அவன் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினான். பையைக் கையிலிருந்து வாங்கிவிட வேண்டும். பெற்றவரை வாசலில் மறிக்கவா இந்த ஓட்டம் என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினான்.

கீழே வந்தபோது அப்பா துண்டை விலக்கிவிட்டிருந்தார்.

முருங்கைக்காய். கீரைக்கட்டு. ஒரு காலிஃபிளவர்.

"மண்டிச் சரக்கா? அதான் இப்படி இருக்கு," என்றார் அம்மாள். "அடுத்த வாரம் எங்களுக்கும் கொஞ்சம் கொண்டு வாங்களேன். மண்டி விலைக்கே."

"அதுக்கென்னம்மா. வாராவாரம் கொண்டு வர்றேன்."

அப்பா சிரித்தார். பையை அவனிடம் நீட்டினார். கடற்கரைப் பக்கமே போகாதவர் போல, கை சோப்பு மணத்தது.

பாப்பா பின்னாலேயே இறங்கி வந்திருந்தாள். பைக்குள் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

அம்மாள் கீரைக்கட்டை வெளியே எடுத்து உதறிப் பார்த்தார். நல்ல இளசு என்றார்.

காலிஃபிளவரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கிற சூப்பர் மார்க்கெட்டின் பெயர். பக்கத்தில் விலை.

அம்மாள் கீரையைத் திரும்ப வைக்கக் குனிந்தார்.

அவன் பைக்குள் கையை விட்டான். நகத்தால் சுரண்டினான். பாதிதான் கிழிந்தது. மறுபடி சுரண்டினான்.

ஸ்டிக்கர் உரிந்து வருகிற வரைக்கும் அப்பா அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.